தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட சிறுமி



பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் பெயர் சூட்டுகின்றனர். ஞானஸ்நானத் தொட்டியருகே ஞானத்தாய் நம்மைக் கையில் ஏந்தி நின்றபோது குருவானவர் அழைத்த பெயரே இன்றும் நம் பெயர். துறவறம் பூணும்போது புதுப்பெயர் ஏற்றுக்கொண்ட அருட்சகோதரிகளையும் நாம் அறிவோம். ஆனால் பள்ளியில் சேர்ந்த முதல் நாளன்று, ஆசிரியை கேட்ட கேள்விக்குப் பதிலாகத் தனக்கு ஒரு பெயரைத் தானே வைத்துக்கொண்ட குழந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா?

அமெரிக்காவில் அப்படி ஒரு குழந்தை இருந்தாள். வீட்டில் எல்லோரும் அவளைக் குட்டித் தங்கச்சி என்றே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள், உன் பெயர் என்ன என்று ஆசிரியை கேட்டார். குழந்தை எலிசபெத் என்று சொன்னாள். நம் தேவ அன்னை மலைநாட்டுக்கு விரைந்து சென்று வாழ்த்திய எலிசபெத்தம்மாளின் பெயர் அது. அன்றிலிருந்து அவள் எலிசபெத் ஆனாள்.

அந்தச் சிறுமியே பிற்காலத்தில் எலிசபெத் காட்டன் அம்மையார் என்று உலகப் புகழ் பெற்றவர். பாஞ்சோ, கிதார் என்னும் இரண்டு தந்தி வாத்தியங்களிலும் பழைய நாட்டுப் பாடல்களை வாசித்தவர். எங்கள் இசை வகுப்பில் ஒருநாள் ஆசிரியை அவருடைய இசைப்பதிவைப் போட்டுக் காட்டினார். பாட்டு முடிந்த பிறகு, இவர் வாழ்நாளில் பெரும்பகுதியை வீட்டு வேலைக்காரியாகக் கழித்தவர் என்று ஆசிரியை சொன்னபோது வகுப்பே நிசப்தமாகிவிட்டது. அவருடைய வரலாற்றை நம் பள்ளி மலருக்கு எழுத வேண்டுமென்று அன்றே நாங்கள் தீர்மானித்தோம்.

சுவரில் தொங்கிய பாஞ்சோ

எலிசபெத் 1893-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தாள். சேப்பல் ஹில் என்னும் நகரை ஒட்டிய சிற்றூர் அது; பின்னாளில் கார்பரோ என்று பெயர் பெற்றது. குடும்பப் பெயர் நெவில்ஸ். ஐந்து பிள்ளைகளில் இவளே கடைக்குட்டி. கறுப்பினக் குடும்பம். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-இல்; இவள் பிறந்தது அதற்கு 28 ஆண்டுகளுக்குப் பின். ஆயினும் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, பெரியவர்களுக்குத் தனி இருக்கை, குறைந்த கூலி என்று வாழ்க்கை பாதியாக அறுக்கப்பட்டே இருந்தது.

வீட்டில் அண்ணன் ஒருவனிடம் பாஞ்சோ இருந்தது. அவன் வேலைக்குப் புறப்பட்டுப் போனதும் ஏழு வயதுத் தங்கை அதை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். சொல்லிக் கொடுப்பவர் யாருமில்லை. காதில் விழுந்த பாட்டை விரலால் தேடித் தேடிக் கண்டுபிடிப்பாள். தேடும் அவசரத்தில் தந்தி அறுந்த நாட்களும் உண்டு. அண்ணன் வீடு திரும்பினால் என்ன சொல்வானோ என்று குழந்தை எப்படிப் பயந்திருப்பாள் என்பது, அண்ணன்மாரின் சைக்கிளை எடுத்து ஓட்டிப் பார்த்த நமக்கெல்லாம் தெரியும்.

அவளுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. அவள் இடக்கைப் பழக்கமுள்ளவள். பாஞ்சோவோ வலக்கைக்காரருக்குத் தந்தி கட்டியது. எனவே வாத்தியத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். இதில் என்ன அதிசயம் என்று புரிந்துகொள்ள, பாஞ்சோ எப்படிப்பட்ட வாத்தியம் என்பதைச் சற்று அறிய வேண்டும்.

பாஞ்சோவின் கதை

நம் ஊரில் பாஞ்சோ என்றால், தட்டச்சுப் பொறியைப் போலப் பொத்தான்கள் வைத்த புல்புல் தாராவையே பலர் நினைப்பார்கள். அமெரிக்கப் பாஞ்சோ அதுவன்று. பெரிய கஞ்சிரா ஒன்றுக்கு நீண்ட கழுத்து வைத்துத் தந்தி கட்டினாற்போல இருக்கும் அதன் தோற்றம். வட்டச் சட்டத்தின்மேல் தோலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். தோலின்மேல் சிறிய மரக் குதிரை நிற்கும். அதன்மேல் தந்திகள் ஓடும். தந்தியின் அதிர்வு குதிரை வழியே தோலில் இறங்குவதால், ஒலி கணீரென்று எழுந்து சட்டென்று அடங்கிவிடும். வீணையைப் போல நீண்டு ஒலிக்காது. எனவே வாசிப்பவர் விரல் ஓயாமல் மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பழைய பாணிப் பாஞ்சோவில் ஐந்து தந்திகள். நான்கு தந்திகள் முழு நீளம். ஐந்தாவது மட்டும் குட்டை. அதன் முறுக்காணி கழுத்தின் பாதி வழியிலேயே இருக்கும். இந்தக் குட்டைத் தந்தியை பெரும்பாலும் இடையில் அழுத்தாமல் கட்டைவிரலால் மீட்டுவார்கள். நம் தம்பூரா விடாமல் சுருதி கொடுப்பதுபோல, அது பாட்டின் ஊடே ஒரே சுரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும். மற்ற தந்திகளை, கையை மடக்கி, விரல் நகத்தின் பின்புறத்தால் கீழ்நோக்கித் தட்டி வாசிப்பது ஒரு முறை. விரல் நுனியால் மேல்நோக்கி மீட்டுவது மற்றொரு முறை. தட்டல், மீட்டல், குட்டைத் தந்தியின் சுருதி ஆகிய மூன்றும் சேர்ந்து, ஒருவரே தாளமும் பாட்டும் போடுவதுபோல் கேட்கும். இதற்குப் புத்தகம் கிடையாது. தாத்தா வாசிப்பதைப் பேரனும், பக்கத்து வீட்டார் வாசிப்பதை இந்த வீட்டாரும் கேட்டுக் கேட்டே பழகினார்கள்.

இந்த வாத்தியத்தின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கைமேல் தோல் போர்த்தி, கம்பு செருகித் தந்தி கட்டிய வாத்தியங்கள் பல உண்டு. செனகல், காம்பியா நாடுகளில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோண்டிங் அவற்றுள் ஒன்று. அதிலும் ஒரு குட்டைத் தந்தி இருக்கிறது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்கள் கையில் ஒன்றும் கொண்டுவர முடியவில்லை. நினைவில் மட்டும் கொண்டுவந்தார்கள். கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும், கிடைத்த சுரைக்குடுக்கையையும் தோலையும் கொண்டு தங்கள் வாத்தியத்தை மீண்டும் செய்துகொண்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் பாஞ்சோ.

1830, 1840-ஆம் ஆண்டுகளில் வெள்ளையர் சிலர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைக் கேலி செய்யும் மேடை நிகழ்ச்சிகளில் பாஞ்சோ வாசித்தார்கள். அந்நிகழ்ச்சிகள் நாடெங்கும் பரவின. பிறகு தொழிற்சாலைகளில் பாஞ்சோக்கள் செய்யப்பட்டன. அப்பலாச்சிய மலைப்பகுதி உழவர் வீடுகளில் பிடிலோடு சேர்ந்து நடனப் பாட்டுக்குத் துணையாயிற்று. காலப்போக்கில் இது வெள்ளையரின் வாத்தியம் என்றே பலரும் எண்ணிவிட்டார்கள். முதன்முதலில் அதைச் செய்த கைகளுக்குரியவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இப்போது சிறுமி எலிசபெத்திடம் திரும்புவோம். வாத்தியத்தைத் திருப்பிப் பிடித்தபோது, கட்டைவிரலுக்கு எட்ட வேண்டிய குட்டைத் தந்தி அடிப்பக்கம் போய்விட்டது. எனவே பிறர் கட்டைவிரலால் செய்வதை அவள் ஆள்காட்டி விரலால் செய்தாள். பிறர் விரல்களால் வாசிக்கும் மெட்டைக் கட்டைவிரலால் வாசித்தாள். இது தவறென்று சொல்ல அங்கே ஆசிரியர் இல்லை. இடக்கையால் எழுதியதற்காகச் சிறு வயதில் திட்டு வாங்கிய தோழியர் நம் வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்துச் சற்றே தலை நிமிரட்டும் என்று இந்த இடத்தை விரிவாக எழுதினோம்.

ஐந்து மாதச் சம்பளம்

ஒருநாள் அண்ணன் ஊரைவிட்டுப் போனான். பாஞ்சோவும் அவனோடு போய்விட்டது. வெறும் சுவரைப் பார்த்த தங்கை, தனக்கென்று ஒரு வாத்தியம் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தாள். வீடு வீடாகச் சென்று வேலை கேட்டாள். ஒரு வீட்டில் மாதம் 75 சென்ட், அதாவது முக்கால் டாலர் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. தன் பெயரைத் தானே சொல்லிச் சேர்ந்த பள்ளியில் அவளால் நெடுநாள் இருக்க முடியவில்லை.

ஏறக்குறைய 11 வயதில் அவள் ஒரு கிதார் வாங்கினாள். விலை 3 டாலர் 75 சென்ட். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஐந்து மாதச் சம்பளம்! ஐந்து மாதம் பாத்திரம் தேய்த்துத் தரை துடைத்த காசு அது. பாஞ்சோவில் பழகிய தலைகீழ் முறையையே கிதாரிலும் வைத்துக்கொண்டாள். மெட்டைக் கட்டைவிரல் வாசிக்கும். கனத்த தந்திகளை மற்ற விரல் மாறி மாறி மீட்டும். கேட்பவருக்கு இருவர் வாசிப்பதுபோல் தோன்றும். பாஞ்சோவின் ஓயாத ஓட்டம் கிதாருக்குள் புகுந்துகொண்டது. பிற்காலத்தில் இந்த வாசிப்பு முறைக்கே காட்டன் முறை என்று பெயர் வந்தது.

வீட்டுக்கு அருகே ரயில் பாதை ஓடியது. இரவில் படுத்திருக்கும்போது சரக்கு ரயிலின் ஓசை கேட்கும். அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்த சிறுமி 11, 12 வயதில் தானே ஒரு பாட்டுக் கட்டினாள். ஃப்ரெய்ட் ட்ரெய்ன், அதாவது சரக்கு ரயில் என்பது அதன் பெயர். வேகமாக ஓடும் ரயிலையும், எங்கோ போய்விட வேண்டுமென்ற ஏக்கத்தையும், இறந்த பிறகும் ரயிலோசை கேட்கும் இடத்தில் துயில வேண்டுமென்ற ஆசையையும் பற்றிய எளிய பாட்டு. நம் வகுப்பில் படிக்க வேண்டிய வயதைவிடவும் சிறிய வயதில், ஒரு வேலைக்காரச் சிறுமி கட்டிய பாட்டு இது என்பதை நினைவில் வையுங்கள். இந்தப் பாட்டு பின்னால் மீண்டும் வரும்.

நீண்ட மௌனம்

1910-இல் எலிசபெத்துக்குத் திருமணம் நடந்தது. கணவர் ஃப்ராங்க் காட்டன். லில்லி என்று ஒரே மகள். வீட்டு வேலை, பிறர் வீட்டு வேலை, குழந்தை என்று நாட்கள் ஓடின. அம்மையார் பக்தியுள்ளவர், கோவிலுக்குத் தவறாமல் போவார். சபைப் பெரியவர்கள், உலகப் பாட்டுகளை விட்டுவிட்டு ஆண்டவருக்குரிய பாடல்களை மட்டுமே பாட வேண்டும் என்று அவருக்கு அறிவுரை கூறினார்கள். அவரும் கீழ்ப்படிந்தார். கிதார் மூலைக்குப் போயிற்று. பாஞ்சோவும் மறந்துபோயிற்று.

இந்த இடத்தை எழுதும்போது நாங்கள் சற்றுத் தயங்கினோம். பெரியவர்கள் சொன்னதைக் குறை கூறுவது நம் வேலையன்று. அவர்கள் ஒரு பெண்ணின் ஆன்ம நலத்தையே நாடியிருப்பார்கள். ஆனால் தாவீது அரசர் யாழ் மீட்டியதை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். இசைக்குப் பாதுகாவலியாகப் புனித செசிலியம்மாளையே திருச்சபை நமக்குத் தந்திருக்கிறது. ஒரு சிறுமி ரயிலைப் பார்த்து ஆசையோடு கட்டிய பாட்டில் ஆண்டவருக்கு மனவருத்தம் உண்டாகியிருக்குமா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். உண்டாகியிருக்காது என்பதே எங்கள் மனத்துக்குப் பட்டது. அம்மையாரும் இதற்காக ஆண்டவரை விட்டு விலகவில்லை. பின்னாளில் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டில் ஊர்ப்பாட்டும் கோவில் பாட்டும் அருகருகே இடம்பெற்றன. இரண்டும் அவருக்கு ஒரே விரல்களின் வேலைதான்.

இசை நின்றதற்குச் சபை மட்டும் காரணமன்று. காலையிலிருந்து இரவு வரை உழைக்கும் பெண்ணுக்கு வாத்தியத்தைத் தொட நேரம் ஏது? இப்படியே பல பத்தாண்டுகள் கழிந்தன. மகளுக்குத் திருமணமாயிற்று. அம்மையார் கணவரைப் பிரிந்து, தலைநகர் வாஷிங்டனில் மகளின் குடும்பத்தோடு வாழ வந்தார்.

காணாமற்போன குழந்தை

1940-களில் வாஷிங்டன் நகரில் பல பிரிவுகள் கொண்ட பெரிய கடை ஒன்றில், பொம்மைகள் விற்கும் பகுதியில் அம்மையார் வேலை செய்துவந்தார். ஒருநாள் கூட்டத்தில் ஒரு சிறுமி தாயைத் தவறவிட்டுத் திகைத்து நின்றாள். அம்மையார் அவளைத் தேற்றி, தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். நன்றியோடு பேசிய அந்தத் தாய், எப்போதாவது வீட்டு வேலை வேண்டுமானால் தன்னிடம் வரலாம் என்று சொல்லிச் சென்றார். சில வாரங்களில் அம்மையார் அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தத் தாய் யார் தெரியுமா? ரூத் க்ராஃபோர்ட் சீகர் என்னும் புகழ்பெற்ற இசையமைப்பாளர். நாட்டுப்புறப் பாடல்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுச் சுரப்படுத்தி எழுதியவர். குழந்தைகளுக்கான அமெரிக்க நாட்டுப் பாடல்களை 1948-இல் நூலாக வெளியிட்டவர். அவருடைய கணவர் சார்லஸ் சீகர் இசை ஆராய்ச்சியாளர். காணாமற்போன சிறுமி பெகி. அவளுடைய அண்ணன் மைக். மூத்த தாரத்து மகன் பீட் சீகரோ, பாஞ்சோவை ஏந்திப் பாடி உலகெங்கும் அறியப்பட்டவர். அந்த வீட்டில் எந்நேரமும் பழைய பாட்டுகள் ஒலித்துக்கொண்டிருந்தன. ஆனால் சமையற்கட்டில் வேலை செய்த பெண்மணிக்கும் பாட்டுத் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

சமையலறைச் சுவரில் ஒரு கிதார் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு வயதில் அண்ணனின் பாஞ்சோவை எடுத்ததுபோல, ஒருநாள் அம்மையார் அதை மெல்ல எடுத்தார். பல ஆண்டு வேலையில் விறைத்துப்போன விரல்கள், பழைய தடத்தைத் தேடின. அப்போது பெகி உள்ளே வந்துவிட்டாள். தான் கேட்டதை அவளால் நம்ப முடியவில்லை. வீடு முழுவதும் செய்தி பரவியது. அன்றுமுதல் பிள்ளைகள் அம்மையாரைச் சுற்றிக்கொண்டு பாட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். மறந்துபோயிருந்த பாட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வீட்டுக் குழந்தைகளின் மழலையில் எலிசபெத் என்ற பெயர் லிப்பா என்று சுருங்கியது. லிப்பா காட்டன் என்றே பின்னாளில் உலகம் அவரை அழைத்தது.

பாட்டின் பெயரும் பாட்டுக்காரியின் பெயரும்

மைக் சீகர் வளர்ந்து, தாமே பாஞ்சோ முதலிய பல வாத்தியங்களில் தேர்ந்தவரானார். 1950-களில் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு அம்மையாரின் வீட்டுக்கே சென்றார். பேரப்பிள்ளைகள் நடமாடும் சிறிய வீட்டில், படுக்கையறையில் பாட்டுகள் பதிவாயின. ஃபோக்வேஸ் என்னும் நிறுவனம் 1958-இல் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. அப்போது அம்மையாருக்கு வயது 65.

ஆனால் அதற்கு முன்பே ஒரு துயரம் நடந்துவிட்டது. பெகி இங்கிலாந்து சென்றபோது, அம்மையாரிடம் கற்ற சரக்கு ரயில் பாட்டை அங்கே பாடிவந்தார். கேட்டவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அங்கிருந்த இருவர் அதைத் தாங்கள் எழுதியதாகப் பதிவு செய்துகொண்டார்கள். 1957-இல் அது இங்கிலாந்தில் பெரும் வெற்றி பெற்றது. கடல் கடந்து பல்லாயிரம் பேர் அதை முணுமுணுத்தபோது, அதைக் கட்டியவர் வாஷிங்டனில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பாட்டின்மேல் அவர் பெயர் இல்லை.

நாட்டுப் பாடல்தானே, எல்லோருக்கும் பொதுவாயிற்றே என்று சிலர் கேட்கலாம். பாஞ்சோவில் வாசிக்கப்பெறும் பழைய பாட்டுகள் பலவற்றுக்கு ஆசிரியர் யாரென்று தெரியாது என்பது உண்மைதான். ஆனால் தெரியாமல் போவது வேறு. தெரிந்தும் அழிப்பது வேறு. இந்தப் பாட்டைக் கட்டியவர் உயிரோடு இருந்தார், கேட்டால் சொல்லியிருப்பார். சீகர் குடும்பத்தார் சும்மா இருக்கவில்லை. சட்டத்தின் துணையை நாடினார்கள். முடிவில் எலிசபெத் காட்டனின் பெயர் பாட்டுக்கு உரியவராக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பள்ளியில் முதல் நாள் தானே சொன்ன பெயர், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு தன் பாட்டின்மேலும் ஏறியது.

முதுமையில் மேடை

1960-ஆம் ஆண்டளவில், பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்வார்த்மோர் கல்லூரியில் மைக் சீகரோடு அம்மையார் முதல் கச்சேரி செய்தார். நம் பாட்டிமார் ஓய்வாக உட்கார்ந்து செபமாலை சொல்லும் வயதில் அவர் மேடையேறினார். நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவிலும் வேறு பல நகரங்களிலும் வாசித்தார். கிதாரோடு நிறுத்தவில்லை, பாஞ்சோவையும் எடுத்து, அதே தலைகீழ்ப் பிடியில் சிறு வயதுப் பாட்டுகளை வாசிப்பார். பீட்டர், பால் அண்ட் மேரி போன்ற பெயர்பெற்ற குழுவினரும் அவருடைய பாட்டைப் பாடினார்கள்.

இத்தனைக்கும் ஏறக்குறைய 1970 வரை அவர் வீட்டு வேலையை விடவில்லை. மேடையில் கைதட்டல் பெற்ற கைகளே, திரும்பி வந்து துணி துவைத்தன. இசையால் கிடைத்த வருமானம் அவ்வளவுதான்.

1967-இல் வெளிவந்த ஷேக் சுகரி என்ற இசைத்தட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதன் தலைப்புப் பாட்டுக்கு அம்மையாரின் கொள்ளுப் பேரக்குழந்தைகள் ஆளுக்கு ஓரடி சேர்த்தார்கள். 12 வயதுக் கொள்ளுப்பேத்தி பாட, அம்மையார் வாசித்தார். சரக்கு ரயில் பாட்டைத் தான் கட்டியபோது இருந்த அதே வயதுச் சிறுமியைப் பாடவிட்டு, பாட்டி பின்னால் அமர்ந்து மீட்டினார். நாட்டுப் பாடல் எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல காட்சி உண்டோ!

இசையால் சேர்ந்த பணத்தைக் கொண்டு, 1978-இல் நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில் ஒரு வீடு வாங்கி, மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் குடியேறினார். எத்தனையோ பேருடைய வீட்டைத் துடைத்து வைத்தவருக்கு 85-ஆம் வயதில் சொந்த வீடு அமைந்தது. 1984-இல் அமெரிக்க நாட்டின் மரபுக் கலைஞர்களுக்குரிய தேசிய விருது கிடைத்தது. 1985-இல், தமது 92-ஆம் வயதில், மேடைக் கச்சேரிகளின் பதிவாக வந்த இசைத்தட்டுக்காகக் கிராமி விருது பெற்றார்.

1987-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், 94 வயது நிறைந்த அம்மையார் சிரக்யூஸ் நகரில் இறைவனடி சேர்ந்தார். பிறந்த ஊரான கார்பரோவில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிச் செல்லும் சைக்கிள் பாதைக்கு லிப்பா காட்டன் பெயரை வைத்திருக்கிறார்கள். 2022-இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்திலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. பின்வந்த இசைக்கெல்லாம் வழிகாட்டிய முன்னோடி என்பதற்காக அந்தச் சிறப்பு.

நாம் அறிந்துகொண்டது

விடாமுயற்சி வெற்றி தரும் என்று இந்த வரலாற்றை முடித்துவிடலாம். அதுவும் உண்மையே. ஆனால் எங்கள் மனத்தை வேறொரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. நற்செய்தியில் வரும் தாலந்து உவமையில், ஊழியன் தனக்குக் கிடைத்த தாலந்தைத் தானே மண்ணில் புதைக்கிறான். எலிசபெத் அம்மையாரின் தாலந்தைப் புதைத்தவர் யார்? வறுமை ஒரு கூடை மண் போட்டது. இன வேறுபாடு ஒரு கூடை. ஓயாத வேலை ஒரு கூடை. கேட்காமல் இருந்தவர்களும் ஒரு கூடை மண் போட்டார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த வீடு இசைக் குடும்பத்தின் வீடாக இல்லாமல் இருந்தால்? சுவரில் கிதார் தொங்காமல் இருந்தால்? அப்படிப்பட்ட வீடுகளில் வேலை செய்து, ஒருவரும் கேட்காமலே மறைந்துபோன எலிசபெத்துகள் எத்தனை பேரோ!

இதை எழுதிக்கொண்டிருந்தபோது எங்களுக்கு ஒன்று உறைத்தது. எங்கள் வகுப்பறையைத் தினமும் பெருக்கி, குடிநீர் நிரப்பி, மழை நாளில் எங்கள் குடைகளை வரிசையாக விரித்து வைக்கும் ஒருவர் இருக்கிறார். ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாள்முதல் ஐந்து ஆண்டுகளாக அவரை ஆயா என்றே கூப்பிட்டு வந்திருக்கிறோம். அவர் பெயர் என்ன என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டோம். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், ஒருவருக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் மணியடிப்பதற்கு முன் நாங்கள் நால்வர் அவரிடம் போய்க் கேட்டோம். எதற்குக் கேட்கிறீர்கள், ஏதாவது புகாரா என்று முதலில் அவர் பயந்துவிட்டார். இல்லை, சும்மாதான் என்றோம். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே தம் பெயரைச் சொன்னார். அழகான பெயர். பாடத் தெரியுமா என்றும் கேட்டிருக்கலாம். அன்று எங்களுக்கு நாணமாக இருந்ததால் கேட்கவில்லை. பள்ளி முடிவதற்குள் கட்டாயம் கேட்போம்.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இந்த மலரைப் படிக்கும் தங்கைமார் தாங்களே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே எங்கள் ஆசை. பெற்றோரும் தங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம் ஒருநாள் நின்று பேசட்டும். எலிசபெத் காட்டன் அம்மையாருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.

பத்தாம் வகுப்பு மாணவி